பகவதியின் சோத்தாங்கை

நாராயணபெருமாளுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தேரூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ரோட்டில் காயப் போட்டிருந்த வைக்கோல் மேல் வண்டியை ஏற்றினார். விடியற்காலைத் தூறலில் வைக்கோல் நனைந்து கிடந்தது. வண்டி வழுக்க, கையை ஊன்றி விழுந்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு எலும்பும் போயிருக்கிறது என்றார்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். அவர் மனைவி பகவதியும் அதையேதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் அடுக்களையில் கஞ்சி ஆற்றிக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஓடிய நினைப்பு வேறு. ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். நாற்பத்திரண்டு நாளும் மத்தியானம் இந்த மனுஷர் வீட்டில் இருப்பார்.

மகள் ஆர்த்திகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து பதினாறு வருஷமாகப் பகவதி மத்தியானச் சோற்றைத் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். ஒன்றேகால் மணிக்கு முன்கதவைக் கொண்டி போட்டுவிட்டு வருவாள். அடுக்களைத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, சம்பா அரிசிச் சோற்றில் புளிக்கறியை ஊற்றி, இடது கையால் பிசைந்து இடது கையால் அள்ளிச் சாப்பிடுவாள். டிவி வேண்டாம், போன் வேண்டாம். சோறு அந்தக் கை வழியாக வந்தால்தான் அவளுக்குச் சோறாகவே இருக்கும். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, கொண்டியைத் திறந்துவிட்டால் மறுபடி வலது கைக்காரி. இது அவளைத் தவிர இன்னொருவருக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாகக் கூட வாழ்கிற நாராயணபெருமாளுக்கும் தெரியாது.

பிறவியில் அவள் இடது கைக்காரி. சின்னப் பிள்ளையில் அந்த விரல்களில் அம்மா வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். கசப்போடு சேர்த்து நக்கிச் சாப்பிட்டது பிள்ளை. பிறகு சாப்பாட்டு நேரத்தில் இடது கையை முதுகுப்பக்கம் மடக்கி ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் அடி. ஏழு வயதுக்குள் வலது கை ஒருவழியாகப் பழகிவிட்டது. பகவதியின் கையெழுத்து இன்றைக்கும் கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்றும் அம்மா காதோடு காதாகச் சொன்னாள், “காப்பித் தட்ட எந்தக் கையால நீட்டுகோம்ணு பாத்து நீட்டு. பீச்சாங்கைக்காரிண்ணு தெரிஞ்சா எழும்பிப் போயிருவாவ.”

கல்யாணமான வருஷம் சித்திரை விஷுவுக்கு ஒரு தடவை தப்பு நடந்தது. பந்தியில் எல்லாருக்கும் விளம்பிக்கொண்டு வந்தவள், கை கடுத்ததால் சாம்பார்க் கரண்டியை இடது கைக்கு மாற்றிவிட்டாள். நாராயணபெருமாளின் அக்கா மீனாட்சியம்மாள் பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னாள், “ஏட்டி, எந்தக் கையால விளம்புக? இந்த வீட்டுல அந்தப் பழக்கம் கெடையாது.” நாராயணபெருமாள் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “கைய மாத்து” என்றார். அவ்வளவுதான். பகவதி கையை மாற்றினாள். பிறகு மாற்றவே இல்லை.

கை ஒடிந்த முதல் நாலைந்து நாள் அவள்தான் அவருக்கு ஊட்டிவிட்டாள். வலது கையால்தான். பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. இடது கையில் ஒரு ஸ்பூனை வாங்கிக்கொண்டு தானே சாப்பிடத் தொடங்கினார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மீனாட்சியம்மாள் தாழக்குடியிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தாள். அவர் ஸ்பூனால் சோற்றைத் துரத்திக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஸ்பூன்ல தின்னா சோறு வயித்துல ஒட்டுமா? கையால சாப்பிடு மக்கா.”

“வலது கை இப்பிடி இருக்கில்லா அக்கா.”

“இடது கையால சாப்பிடு. அதுக்கென்ன. ஏலாத நேரத்துல எந்தக் கைண்ணு சாமி பாத்துக்கிட்டா இருக்கும்?”

அப்பளம் எடுத்துக்கொண்டு வந்த பகவதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பழக்கம் இந்த வீட்டில் கிடையாது என்று சொன்ன அதே வாய். அவளுக்கு நெஞ்சுக்குள் தீப் பிடித்தது போல் இருந்தது. அது கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். ராத்திரி படுத்த பிறகும் அடங்காமல் கிடந்தபோதுதான் அது என்னவென்று பிடிபட்டது. ஊரில் மற்ற பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியின் வளையலைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அவளுக்கு அந்தக் குணம் கிடையாது, அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. இப்போது கட்டின புருஷனின் இடது கையைப் பார்த்து வயிறு எரிகிறாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த ஸ்பூன்களை எல்லாம் திரட்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, அடுக்களைப் பரணில் வைத்தாள்.

“ஸ்பூன் எங்க?” என்று கேட்டார் மத்தியானம்.

“ஆர்த்திகா காலேஜுக்குக் கொண்டு போயிருப்பா.”

“எல்லாத்தையுமா?”

“கையால சாப்பிடுங்க. மைனிதான் சொல்லியாச்சுல்லா.”

அவர் கையால் சாப்பிட்டார். முதல் நாள் சாம்பார் முழங்கை வரை வழிந்தது. சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் விழுந்தது. பெருவிரலை எங்கே வைப்பது என்று தெரியாமல், மணலை அள்ளுவது போல ஐந்து விரலையும் விரித்து அள்ளினார். பகவதி எதிரே உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் கூடுதல். மறுநாள் ரசம் வைத்தாள். அதற்கு மறுநாள் புளிசேரியை வேண்டுமென்றே தண்ணியாக வைத்தாள்.

ஆனால் நாராயணபெருமாள் பிடிவாதக்காரர். சட்டை நனைய நனையச் சாப்பிட்டார். பத்து நாளில் சிந்துவது பாதியாகக் குறைந்தது. இடது கையால் பல் தேய்த்தார், தலை சீவினார், செருப்பு வாரை மாட்டினார். ஒருநாள் சாயங்காலம் ஆர்த்திகாவின் நோட்டில் இடது கையால் தன் பெயரை எழுதினார். ‘பெருமாள்’ மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆர்த்திகா அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள். அரைமணி நேரத்தில் துபாயிலிருந்தும் மதுரையிலிருந்தும் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. மீனாட்சியம்மாள் பேசி அனுப்பியிருந்தாள். “எனக்க தம்பிக்கு உள்ள மன உறுதி யாருக்கு வரும்?” அவர் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். மூன்று தடவையும் பகவதி பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

ஆபீசில் கூட வேலை பார்க்கும் ததேயுஸ் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். பழத்தை இடது கையாலேயே உரித்துக் காட்டினார் நாராயணபெருமாள்.

“கொள்ளாம் சார்” என்று மெச்சினார் ததேயுஸ். “இடது கைய உபயோகிச்சா மூளை நல்லா வேலை செய்யும்ணு எங்கயோ படிச்சேன்.”

“அது உள்ளதுதான். நமக்கே வித்தியாசம் தெரியுகு. குறுக்கெழுத்தெல்லாம் இப்ப வேகமா போடுகேன்.” பிறகு, காப்பி கொண்டுவந்த மனைவியைப் பார்த்து, “ஏட்டி, நீயும் ஒருநா இடது கையால சாப்பிட்டுப் பாரு. சாதாரணமா நெனைக்காத. உனக்கெல்லாம் ஏலாது” என்றார்.

பகவதி ததேயுஸுக்குக் காப்பியைக் கொடுத்தாள். புருஷனின் டம்ளரை, அவர் இடது கையை நீட்டிக்கொண்டிருக்கும்போதே, வலது பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள்.

நாலாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, ததேயுஸ் தன் மோட்டார் சைக்கிளில் அவரை முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போனார். போனால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பகவதி கொண்டியைக் கூடப் போடவில்லை, அவ்வளவு அவசரம். தட்டில் சோறு போட்டு, முந்தின நாள் வைத்த உள்ளித்தீயலை ஊற்றி, பலகையில் உட்கார்ந்தாள். இடது கை சோற்றுக்குள் போனது. நாலு வாரமாக எதைத் தின்றாலும் ருசி தெரியாமல் இருந்தது. இப்போது புளியும் வறுத்த தேங்காயும் தனித்தனியாக நாக்குக்குத் தெரிந்தன. கண்ணை மூடிச் சாப்பிட்டாள்.

முடி வெட்டும் கடை அடைத்திருந்ததால் போனவர்கள் உடனே திரும்பிவிட்டார்கள். கண்ணைத் திறந்தபோது நாராயணபெருமாள் அடுக்களை வாசலில் நின்றார்.

“என்னைக் கேலி காட்டுகியா?” என்றார்.

அவள் வாயில் சோறு இருந்தது.

“நான் தட்டுத்தடுமாறிச் சாப்பிடுகது உனக்கு வேடிக்கையா இருக்கு. நான் அந்தப் பக்கம் போனதும் உக்காந்து பழிப்புக் காட்டுக.”

சோற்றை விழுங்கிவிட்டுப் பகவதி சொன்னாள், “பழிப்பு இல்ல. நான் இப்பிடித்தான் சாப்பிடுவேன்.”

“எப்பமுதலு?”

“பொறந்ததுமுதலு.”

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் குனிந்து, தட்டில் ஓரமாகக் கிடந்த சோற்றை இடது கையால் கூட்டி, ஒரு உருட்டு உருட்டி, ஒரு பருக்கை கீழே விழாமல் வாயில் போட்டாள். இன்னொரு வாய். இன்னொன்று. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை நாள் பாடுபட்டும் அவருக்கு வராத ஒன்று அந்த விரல்களுக்கு வந்தது.

“எங்கிட்டயும் மறைச்சியா?”

“ஒங்ககிட்டதான் மொதல்ல மறைக்கணும்ணு ஆச்சு. விஷுவுக்குப் பந்தியில நான் கரண்டிய மாத்திப் பிடிச்சப்ப, கைய மாத்துண்ணு சொன்னியள்லா.”

“நான் எப்ப சொன்னேன்?”

அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. பகவதி அவர் முகத்தைத் தேடிப் பார்த்தாள், மறைக்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்தாள். எச்சில் கையோடு ஸ்டூலில் ஏறி, வலது கையால் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கி அவர் காலடியில் வைத்தாள். உள்ளே ஸ்பூன்கள் கலகலத்தன.

“இதையும் பாத்துக்கிடுங்க. நான்தான் ஒளிச்சு வச்சேன். நீங்க சிந்தணும்ணுதான் வச்சேன். ரசத்தையும் புளிசேரியையும் அதுக்குத்தான் வச்சேன். ஒங்களுக்கு ஒரு மாசம் கை ஒடிஞ்சதுக்கு ஊரே கைதட்டுகு. எனக்கு என்னைக்கும் ஒடிஞ்ச கைதான். ஒரு ஆளு கேக்கல்ல.”

அவர் டின்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. ஸ்பூன் மேஜையில் இருந்தும் அவர் தொடவில்லை, கையால்தான் சாப்பிட்டார். பகவதி அடுக்களையில் தனியாகச் சாப்பிட்டாள், வலது கையால். ஏன் வலது கையால் என்று அவளுக்கே தெரியவில்லை. என்னம்மா சண்டை என்று ஆர்த்திகா கேட்டதற்கு இருவருமே ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாம் நாள் சட்டையில் கையை நுழைக்க உதவிக்கு அவளைக் கூப்பிட்டபோது, கட்டுப்போட்ட கையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்பிடியா சொன்னேன், விஷுவுக்கு?”

“சொன்னிய.”

“எனக்கு ஞாபகமே இல்ல பாத்துக்க.”

“எனக்கு இருக்கு.”

பட்டனை அவளே போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாழக்குடியில் மீனாட்சியம்மாளின் மகன் பிரதீஷுக்கு நிச்சயதார்த்தம். நாராயணபெருமாள் தாய்மாமன் என்பதால் முதல் பந்தியில் நடுவில் உட்கார வைத்தார்கள். அவியல், எரிசேரி, பருப்பு, சாம்பார் என்று இலை நிறைந்தது. அவர் இடது கையால் சாப்பிடுவதை வீடியோவில் பார்த்தவர்கள் நேரில் பார்க்கச் சுற்றி நின்றார்கள். கடைசியில் சிறுபயறுப் பாயசத்தை இலையில் ஊற்றினார்கள். அவர் அதில் மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்து அள்ளினார். பாதி இலைக்கே திரும்பி வழிந்தது. அதற்கும் எல்லாரும் பலே பலே என்றார்கள். பெண் வீட்டுக்காரர்களிடம் மீனாட்சியம்மாள், “எனக்க தம்பி. ஒரு மாசத்துல பழகிட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தூணருகே நின்று பார்த்த பகவதிக்கு மறுபடியும் அந்தத் தீ பிடித்தது. இந்தத் தடவை அவள் அதை அணைக்கப் பார்க்கவில்லை.

மூன்றாம் பந்தியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். பகவதிக்கு வலப்பக்கத்தில் மீனாட்சியம்மாள், இடப்பக்கத்தில் மணப்பெண்ணின் சித்தி. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கும்வரை பகவதி ஒன்றும் தீர்மானித்திருக்கவில்லை. சோறு விழுந்தது, பருப்பும் நெய்யும் விழுந்தன. இடது கை தானாகப் போனது.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் மீனாட்சியம்மாள் கவனித்தாள்.

“ஏட்டி, உனக்க கைக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல்ல மைனி.”

“பின்ன என்னத்துக்கு அந்தக் கையால தின்னுக? சம்பந்தக்காரங்க பாக்காவ.” குரல் தணிந்துதான் வந்தது, ஆனால் சூடு இருந்தது.

“எனக்கு இதுதான் சோத்தாங்கை மைனி. பொறந்ததுலருந்தே. இத்தனை நாளு மறைச்சேன்.”

எதிர்வரிசையில் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மீனாட்சியம்மாளின் முகம் கறுத்தது. “அவனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு, அவன் தின்னுகான். உனக்கென்ன கேடு?” என்றாள். பகவதி அடுத்த வாயை உருட்டி அள்ளினாள். சோறு சிந்தவில்லை. மணப்பெண்ணின் சித்தி, இதுவரை வாயைத் திறக்காதவள், சாம்பார் வாளியோடு வந்தவனை நிறுத்தி, “இவங்களுக்கு ஊத்துப்பா” என்றாள். பிறகு பகவதியிடம் மெல்ல, “எனக்க மூத்த பையனும் இப்பிடித்தான்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பந்தி மறுபடி ஓடத் தொடங்கியது. மீனாட்சியம்மாள் பாயசம் வரும்வரைகூட இருக்கவில்லை, இலையை மடக்கிவிட்டு எழுந்தாள்.

பகவதி பாயசத்தையும் சாப்பிட்டாள். விரல்களை நெருக்கிக் குழித்து, அந்த மஞ்சள் குழைவை ஒரு சொட்டு வழியாமல் அள்ளினாள். நிமிர்ந்தபோது நாராயணபெருமாள் பந்தலின் ஓரத்தில், மாவுக்கட்டுப் போட்ட கை துணித் தூளியில் தொங்க, அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவைச் சமாதானப்படுத்த அவர் போகவில்லை. மனைவிக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நின்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் இருவர் மட்டும். ஆர்த்திகா தாழக்குடியிலேயே தங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். கொஞ்ச தூரம் போன பிறகு அவர் சொன்னார்.

“பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் உன்னையேல்லா பாத்தாவ.”

“அப்பிடியா.”

“அந்த சித்திக்காரி எங்கிட்ட வந்து, ஒங்க வீட்டம்மா என்ன அழகா சாப்பிடுகாவண்ணு சொல்லுகா. நான் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒண்ண படிச்சு வச்சிருக்கேன். அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல்ல.”

பகவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஒரு மாசமாக அவளுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது அது. வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது.

“மைனி இனி நம்ம வீட்டுக்கு வரமாட்டா” என்றாள்.

“வருவா. நாலு மாசம் கழிச்சு வருவா.” தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அந்தப் பாயசத்த எப்பிடி அள்ளின? எனக்கு எல்லாம் ஒழுகிப் போச்சு” என்று கேட்டார்.

சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். அது அவளிடம் மட்டும் இருந்த ஒன்று. அவருக்கு இன்னும் இரண்டு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். நல்ல கை திரும்பி வந்ததும் இந்தக் கையை மறந்துபோவார். குரூப்பில் இருக்கிறவர்களும் மறந்துபோவார்கள். அந்த நினைப்பு அவளுக்கு இதமாக இருந்தது.

“வெரல விரிக்கப்பிடாது” என்றாள். “பெருவெரல உள்பக்கமா மடக்கணும். இப்பிடி.”

தன் இடது கையைக் குழித்துக் காட்டினாள். அவர் தன் இடது கையை அதன் பக்கத்தில் வைத்து, அதே மாதிரி மடக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.